கத்தரிச் செடிக்கு மட்டும் சொன்னது

"உங்க அத்தைய ஒருவாட்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வாம்மா."

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் என் மாமனார் வீட்டிலிருந்து நானும் மகள் கிளாராவும் கிளம்பினோம். வழியனுப்ப வந்த மாமா, லிஃப்ட் வாசலில் திடீரென்று குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னார்.

"ஏன் மாமா, அத்தைக்கு என்ன?"

"சும்மாதான். பிரஷர் கிரஷர் பாத்து வச்சுக்கிட்டா நல்லதுதானே."

"அத்தை ஏதாவது சொன்னாங்களா?"

"உங்க அத்தையா? எங்கிட்டயா?" சிரித்தார். "லிஃப்ட் வந்துருச்சு பாரு, போ போ."

சும்மா டாக்டரிடம் போகச் சொல்கிற ஆள் இல்லை அவர். பல்வலிக்கே கிராம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியவர்.

பொங்கோலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. கவலைப்படுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அத்தைக்கு ஏதாவது பெரிய வியாதியா? மறைக்கிறார்களா? வாரத்தில் பாதி நாள் கிளாராவை அவர்களிடம்தானே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்... அந்தக் களைப்பா? அப்படியென்றால் என்னால்தானா?

வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. லிஃப்ட் வாசலில் மாமா குரலைத் தாழ்த்தியதும் நானும் தாழ்த்திவிட்டேன். கிட்டத்தட்ட முணுமுணுத்தேன். மாமா ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் சொன்னார்.

மாமாவுக்குக் காது கேட்காது!

முதலிலிருந்து சொல்கிறேன். மாமா, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை ஒரு பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். திருமணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓய்வுக்குப் பிறகு மாமாவுக்கு மீன் தொட்டி. அத்தைக்குச் செடிகள். ஒன்பதாவது மாடிக் காரிடாரில், அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை, வாசனைக்குப் போடும் பாண்டான் இலை, தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு மல்லிகை.

மீன் தொட்டியின் பழைய தண்ணீரை மாமா வாளியில் பிடித்து வாசலில் வைப்பார். அத்தை அதை எடுத்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, வாளியை அதே இடத்தில் கவிழ்த்து வைப்பார். மேசை அதிர டம்ளர் உட்கார்ந்தால் காபி ரெடி. அத்தை கூடத்துக் காற்றாடியை நிறுத்தினால் சாப்பாடு ரெடி. இடையில் ஒரு வார்த்தை கிடையாது.

நாங்கள் எல்லோரும் அதைப் பொருத்தம் என்று நினைத்தோம். அவர்களுடைய நாற்பதாவது திருமண நாளன்று, பூசையின்போது பங்குச் சாமியார் இருவரையும் முன்னால் அழைத்து ஆசீர்வதித்தார். "இவங்க வீட்டுல இருந்து ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்ல" என்று மைக்கில் புகழ்ந்தார். கோவிலே கைதட்டியது. எல்லோரும் தட்டுவதைப் பார்த்து மாமாவும் தட்டினார்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் கிளாராவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை... நான் சும்மா இருப்பேனா? இணையத்தில் தேடி, பயந்து, அழுது, கடைசியில் காது பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். என் கணவர் வில்சனுக்கு வேலை. துணைக்கு மாமா வந்தார்.

சின்னக் கண்ணாடி அறை. மாமாவின் மடியில் பிள்ளை. ஒலிபெருக்கியில் வலப்பக்கம் ஒரு மெல்லிய சத்தம், இடப்பக்கம் ஒரு மெல்லிய சத்தம். கிளாரா ஒவ்வொரு முறையும் சரியாகத் திரும்பினாள்.

பரிசோதித்த தமிழ்ப் பெண் வெளியே வந்து சொன்னார். "பாப்பாவுக்குக் காது சூப்பராக் கேக்குது. உங்க பேச்சைத்தான் கேக்கறதில்ல, அவ்ளோதான் லா." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், நீங்க ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா? அங்க சத்தம் வந்தப்ப பாப்பா திரும்புச்சு. நீங்க ஒருவாட்டிகூடத் திரும்பல."

மாமாவையும் பரிசோதித்தார்கள். காது மங்கியதற்கு வயது பாதி, பட்டறைச் சத்தம் பாதி காரணம் என்றார்கள். கனத்த குரல்கள் ஓரளவு கேட்கும். என்னைப் போல ஊருக்கே கேட்கும்படி பேசுபவர்களை வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம். போய்ப் பல வருடம் ஆகியிருக்கலாமாம்.

அத்தைக்கு மெல்லிய குரல்.

விஷயத்தைச் சொன்னபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அப்ப... வேணும்னு பண்ணலையா அவரு?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மூன்றாவது முறை கேட்க ரோஷம் விடவில்லை. இப்படியே போய்ப் போய், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். 'என் பேச்சு மட்டும் இந்த மனுஷனுக்கு ஆகாது' என்று முடிவு கட்டிவிட்டார். மாமா என்ன நினைத்தாராம் தெரியுமா? வயதானால் பெண்கள் அமைதியாகிவிடுவார்கள் என்று!

மாமாவுக்குக் காது கேட்கும் கருவி வந்தது. மாட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. வில்சன் கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே, "அம்மா, அப்பாகிட்ட ஏதாவது பேசும்மா" என்றார். எல்லோரும் அத்தையின் வாயையே பார்த்தோம். இப்படி நின்றால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

"என்ன பேசறது... சாப்பிட வாங்க."

மாமா முகம் சுளித்தார். தட்டுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், லிஃப்ட் சத்தம், பிள்ளையின் கத்தல், எல்லாம் ஒரேயடியாக மண்டைக்குள் பாய்ந்திருக்கிறது. "ஒரே இரைச்சல்! யாருக்கு வேணும் இது?" என்று இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டார்.

அத்தை பார்த்தது ஒன்றுதான். தான் பேசியதும் அவர் கழற்றினார்.

அதன் பிறகு அந்த வீட்டில் டம்ளர் மட்டும்தான் பேசியது. பெட்டி அலமாரிக்குள் போனது. வில்சன் திட்டினார், கெஞ்சினார், விட்டுவிட்டார். போதாக்குறைக்கு மாமாவின் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. இத்தனை வருடத்தில் மீன் வளர்ப்பில் தோற்காத மனிதர் அவர். "மனுசங்களைத்தான் பாத்துக்கத் தெரியலன்னா..." என்று அத்தை என்னிடம் முனகினார்.

இப்போது லிஃப்ட் வாசலுக்குத் திரும்புவோம். சந்தேகம் வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா? மறுநாளே அத்தைக்குப் போன் போட்டு, 'டாக்டர்கிட்ட போலாம் அத்தை' என்றேன், மழுப்பிவிட்டார். அடுத்த வேலைநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளாராவைத் தூக்கிக்கொண்டு உட்லண்ட்ஸ் போனேன்.

லிஃப்டிலிருந்து காரிடாரில் திரும்பினால், அத்தை முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று எட்டிப் பார்த்தேன். கத்தரிச் செடியிடம்!

"...நேத்து மீன் குழம்பு நல்லாருந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். தட்டை வழிச்சுத் தின்னாச்சு, அவ்ளோதான். நீயே தேவல, ரெண்டு பிஞ்சாவது குடுக்குற." ஒரு பழுத்த இலையைக் கிள்ளினார். "இன்னிக்கும் எந்திரிச்சப்ப தலை சுத்துச்சு. எதிர்ச் சுவரைப் புடிச்சுக்கிட்டேன். வில்சன்கிட்ட சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவான். நீயும் சொல்லிராத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரிடாரின் அந்த எதிர்ச் சுவர் இடுப்பு உயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒன்பது மாடி.

சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் காரிடார் பக்கத்து ஜன்னலை ஒட்டி மீன் தொட்டி. அதற்கும் திரைச்சீலைக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, கண்ணாடியில் தலை முட்டும்படி மாமா உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் கருவி.

தொட்டி அமைதியாக இருந்தது. காற்று விடும் மோட்டாரின் ஒயர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மாமா என்னைப் பார்த்தார். விரலை உதட்டில் வைத்தார்.

"மோட்டார் ஓடுனா அவ குரல் கேக்கலம்மா" என்றார், காற்றுப் போல.

"எத்தனை நாளா மாமா?"

"இருக்கும் ஒரு மாசத்துக்கு மேல. தனியா இருக்கறப்ப சும்மா மாட்டிப் பாத்தேன். வெளிய யாரோ பொம்பள பேசுற மாதிரி இருந்துச்சு. யாருடா இதுன்னு பாத்தா... இவ." திரைச்சீலையின் ஓரத்தைத் தொட்டுச் சரிசெய்தார். "குரல் மாறிப் போச்சும்மா. வயசான குரலா இருக்கு."

"அத்தைகிட்ட சொல்லிடுங்களேன், கேக்குதுன்னு."

"சொன்னா நிறுத்திருவா. எல்லாம் என்னைப் பத்தித்தான் பேசுறா. திட்டுறா. பரவால்ல, திட்டட்டும்." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். "தலை சுத்தறத மட்டும் எப்படியாவது பாத்துரும்மா. நான் சொன்னேன்னு சொல்லிராத."

ஒரே காலையில், ஒரே வீட்டில், ஒருவர் செடியிடம் சொல்லாதே என்கிறார். இன்னொருவர் என்னிடம் சொல்லாதே என்கிறார். செடிக்கு அது சுலபம்.

பிரஷர் பார்க்கலாம், நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதேதோ சொல்லி அத்தையைப் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கேட்டார். "ஏதாவது தொந்தரவு இருக்கா ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாருக்கேன்."

நான் என்ன செய்ய? சும்மா இருந்தால் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் நாளைக்கும் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "காலையில செடிகிட்ட உக்காந்துட்டு எந்திரிக்கறப்ப தலை சுத்துது டாக்டர். சுவரைப் பிடிச்சுக்கறாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். அத்தை என் முகத்தையே பார்த்தார்.

அத்தை வழக்கமாகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று அளவைக் குறைத்தார்கள். பெரிய வியாதி எதுவும் இல்லை. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லையா?

பேருந்து நிறுத்தத்தில் அத்தை கேட்டார். "இதை நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"நான்தான் அத்தை அன்னிக்குக் காரிடார்ல..."

"நீ காரிடார்ல கேட்டது அன்னிக்குத்தான? அதுக்கு முன்னாடியே 'டாக்டர்கிட்ட போலாம் அத்தை'ன்னு போன் பண்ணியே?" பள்ளி அலுவலகத்தில் எத்தனை பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவர்!

"அவருக்குக் கேக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றுவரை யோசிக்கிறேன், சொல்லியிருக்கலாமோ என்று. ஆனால் இந்த வீட்டில் யாராவது ஒருவர் ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"ஆமா அத்தை."

"எல்லாமா?"

தலையாட்டினேன். அத்தை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேருந்து வந்தது. ஏறினோம்.

அவ்வளவுதான் நடந்தது. இப்போது தலைசுற்றல் இல்லை. அத்தை காலையில் காரிடாருக்குப் போகிறார், தண்ணீர் ஊற்றுகிறார், பழுத்த இலையைக் கிள்ளுகிறார், உள்ளே வருகிறார். வாயைத் திறப்பதில்லை. "சொல்லிட்டியா?" என்று மாமா என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வில்சன் காதில் இரண்டு வெள்ளை இயர்போன். நான் ஒன்றைச் சொல்லி, திரும்பச் சொல்லி, மூன்றாவது முறைக்கு முன் இப்போதெல்லாம் போய் அதைப் பிடுங்கிவிடுகிறேன். ரோஷம் பார்ப்பதில்லை. அடுத்தவர் காதில் விழவில்லை என்பதும் அடுத்தவர் மனதில் நாம் இல்லை என்பதும் வேறு வேறு. ஆனால் வீட்டுக்குள் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

நேற்று அத்தைக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அத்தை, மாமாகிட்ட ஏதாவது பேசினீங்களா?"

"என்னத்தைப் பேச? இப்பல்லாம் அதை மாட்டிக்கிட்டு எதிர்லயே வந்து உக்காந்துக்கறாரு. பரீட்சை ஹால் மாதிரி இருக்கு." பெருமூச்சு விட்டார். "இத்தன வருசம் கழிச்சு முதல் பேச்சும்மா. குழம்புக்கு உப்பு போதுமான்னா கேக்க முடியும்? நல்லதா ஒண்ணு சொல்லணும்னு யோசிக்கிறேன்... வர மாட்டேங்குது."

மாமா இப்போது தூங்கும்போதுகூடக் கருவியைக் கழற்றுவதில்லையாம்.