கிணற்றுப் படிகளும் அக்காவின் காதுக் கருவியும்

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. பிற்பகலில், தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் என் அக்கா ராசம்மாள் இறந்தாள். காரணம், இதயச் செயலிழப்பு. கையெழுத்திட்டு உடலைப் பெற்றுக்கொண்டவன் நான். அவள் இடக் காதிலிருந்து கழற்றிய கேட்புக் கருவியைச் செவிலியர் ஒரு சிறு டப்பாவில் இட்டு என்னிடம் கொடுத்தார். புதன்கிழமை காலை, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அடக்கம் நடந்தது.

அந்த டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கருவியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் மெல்லிய கீச்சொலி எழுகிறது, விரித்தால் அடங்கிவிடுகிறது. தான் வெளியிடும் ஒலியைத் தானே கேட்டு, அதையே பெருக்கி மீண்டும் வெளியிடுவதால் உண்டாகும் ஒலி அது. பொறியியல் கல்லூரியில் நான் நெடுங்காலம் கற்பித்தது இத்தகைய கருவிகளின் அடிப்படையைத்தான்: இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை எண்களாக்குவது, பிறகு அந்த எண்களிலிருந்து அதை மீட்டெடுப்பது. ஆயினும் அந்தப் பாடத்தை நான் முதலில் கண்டது கல்லூரியில் அல்ல, எங்கள் கிணற்றில்.

பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு அது. ஒரு பக்கச் சுவரையொட்டிக் கற்படிகள் அடிவரை சென்றன. எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுவான கிணறு. ஒரு நாள் அவர்கள் "மொறை", மறுநாள் எங்கள் "மொறை". நாள்தோறும் விடியலில், மோட்டாரைப் போடுவதற்கு முன், அக்கா படியிறங்கிப் போய்த் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று மேலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவள் செவித்திறன் பெரும்பகுதி போயிருந்தது; பிறர் பேச்சை உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள். தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால், "ஏழாம் படீ!" என்று அவள் கூவும்போது தென்னையில் இருக்கும் கிளிகள் கலைந்து பறக்கும். "ஒம்மவ கத்துனா தொப்பூர் கணவாயில போற லாரியெல்லாம் பிரேக் போடும்டா" என்பார் பெரியப்பா, அப்பாவிடம்.

விடியலில் மட்டும் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. "விடியக்காலத் தண்ணிதான் கெணத்தோட நெசத் தண்ணி. மோட்டாரு ஓடற கெணத்த எட்டிப் பாத்தா ஊத்து கூச்சப்பட்டுக்கும்" என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. கூச்சப்பட்டால் ஊறுவதை நிறுத்திவிடுமாம். ஆகவே பகலில் யாரும் கிணற்றுப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். மோட்டார் அறையில் பொத்தானை அமுக்கிவிட்டு வாய்க்காலோடு நடந்துவிடுவார்கள்.

அந்தக் கோடையில் எல்லா விடியலிலும் தண்ணீர் ஏழாம் படியிலேயே நின்றது. அப்பா மகிழ்ந்துபோய், வழக்கமாக மழையை நம்பி ராகி விதைக்கும் மேட்டுக்காட்டிலும் தக்காளி நடுவதென்று முடிவு செய்தார். நாற்றும் தயாராகிவிட்டது. காய்க்கும் பருவத்தில் தண்ணீர் கைவிட்டால் தக்காளி கருகும், ராகியும் இராது, அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் களி கிண்ட மாவிராது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிணறு ஏழாம் படியில் நிற்கும்போது அச்சப்பட என்ன இருக்கிறது?

ஆடுகளை ஓட்டிக்கொண்டு நண்பகலில் அவ்வழியே போன அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அன்று முதல், மோட்டார் அறையின் வெள்ளைச் சுவரில் படிக்கொரு கோடு கிழித்து, விடியலில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கரியால் புள்ளி வைக்கலானாள். தண்ணீர் இரு படிகளுக்கு நடுவே நின்றால், அருகிலுள்ள படிக்கே புள்ளி. புள்ளிகளை இணைப்பது என் வேலை. நான் படிக்கட்டைப் போலவே கோணல் கோணலாக இணைத்ததைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"டேய் தம்பி, தண்ணி என்ன ஆடா, குதிச்சுக் குதிச்சு எறங்கறதுக்கு?"

என் கோட்டின் முனைகளை உள்ளங்கையால் தேய்த்துச் சரிவாக்கினாள். அப்போதுதான் கிணறு சுவரில் தெரிந்தது: இரவில் ஊறி ஏறுகிறது, பகலில் அடிவரை இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தது அலையின் உச்சிகளை மட்டும். அவற்றை இணைத்தால் அது மேடுபள்ளமில்லாத நேர்கோடு. இரவெல்லாம் ஊறுவது இருக்கும் வயலுக்கே தீர்ந்துபோகிறது என்பது அதில் தெரியாது.

நடவுக்கு முந்தைய நாள் நண்பகலில், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். பெரியப்பாவும் உடன் வந்தார்.

"மேட்டுக்காட்டுக்கு நாத்து புடுங்காதீங்கப்பா."

"ஏம்மா, தெனம் ஏழாம் படின்னு நீதான கத்தற?"

பெரியப்பா, அவளுக்குத் தம் உதடு தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "காது கேக்காத புள்ள செவுத்துல கிறுக்குனத நம்பி வெள்ளாம வெக்கறதா?" என்றார். அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என்னையத்தான சொல்றீங்க பெரியப்பா? காது கேக்காட்டிப் போவுது, கண்ணு நல்லாத் தெரியுது. வந்து பாருங்க."

"ஓடற கெணத்தப் பாக்கக் கூடாதும்மா," என்றார் அப்பா, அவளுக்குத் தெரியும்படி மெதுவாக. "ஊத்து கூச்சப்பட்டுக்கும்."

"நான் தெனமுந்தான் பாக்கறேன். எங்க கூச்சப்பட்டுச்சு? விடிஞ்சா மறுபடியும் ஏழுக்கு வந்து நிக்குதே!"

அப்பா சுவரிலிருந்த கடைசிப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கிணற்று மேட்டுக்கு நடந்து சென்று குனிந்தார். அடியில் சேறு மினுங்கியது. குழாய் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுத்து இரைந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, "ராகியே வெதச்சுக்கலாம்" என்றார். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் களி இருந்தது. மறுவாரமே பெரியப்பா, உதடு நன்றாகத் தெரியும்படி அவள் முன் வந்து நின்று, "ராசு, இப்ப எத்தனாம் படி?" என்று கேட்கத் தொடங்கினார்.

மாறும் ஒன்றை எண்ணாக்குவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு என்று பின்னாளில் மாணவர்களுக்குச் சொன்னேன். ஓர் ஏற்ற இறக்கம் முடிவதற்குள் இரு முறைக்கு மேல் பார்க்க வேண்டும். இல்லையெனில் இல்லாத கிணறு தெரியும். படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையெனில் இரு படிகளுக்கு நடுவே உள்ளது தொலையும். அக்காவின் கருவி ஒவ்வொரு நொடியிலும் பல்லாயிரம் முறை ஒலியை எட்டிப் பார்த்து, மிக நெருங்கிய படிகளில் அதன் உயரத்தைக் குறித்துக்கொள்கிறது.

அதை வாங்கி மாட்டிய அன்று, தருமபுரிப் பேருந்து நிலையத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "பஸ்ஸு சத்தமெல்லாம் வேணாம், பேச்சு மட்டும் போதும்னு அதுகிட்டச் சொல்லுடா." உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். நம் கிணறு இருக்கிறது என்றேன். ஒலி எவ்வாறு எண்ணாகிறது என்று விளக்கினேன்.

"செரி, எண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அது மறுபடி எப்புடிப் பேச்சாவுது?"

அதற்குள் பாலக்கோட்டுப் பேருந்து வந்துவிட்டது. அடுத்த முறை சொல்கிறேன் என்றேன்.

இன்று எங்கள் காட்டில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. அதில் படி இல்லை, எட்டிப் பார்க்கவும் வழியில்லை. பழைய கிணற்றில் சீமைக்கருவேல் வளர்ந்திருக்கிறது. மோட்டார் அறையை இடித்துவிட்டார்கள்.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

பழைய கிணற்றைச் சுற்றி வேலி அடைத்தல்.

கேட்புக் கருவியைத் தேவைப்படும் ஒருவரிடம் சேர்த்தல்.

எண்கள் படிப்படியாக அடுக்கப்பட்டு, அப்படிகளின் முனைகள் தேய்க்கப்பட்டு, மீண்டும் பேச்சாகின்றன என்பதையும், தேய்க்கும் வேலையை அன்று அவள் உள்ளங்கை செய்தது என்பதையும் அக்காவிடம் சொல்லுதல்.

மின்கல மூடியைத் திறந்து கருவியை அணைத்தல்.