சவேலி இலியிச்சின் நாலு மணி வகுப்பு

மேடையில் முப்பது வருடம் பொய்யாய் அழுது கைதட்டல் வாங்கியவள் நான். அதனால் நான் சொல்வதை நம்ப யோசிப்பீர்கள். யோசியுங்கள், தப்பில்லை. ஆனால் இதில் ஒரு சொல்கூட நடிப்பு கிடையாது. 1983 டிசம்பரில், வொலக்தா நகரத்தில், எங்கள் நாடக அரங்கின் மூன்றாவது மாடியில் எனக்கு நடந்தது. கூட இருந்த ஃபைனா இன்னும் உயிரோடு இருக்கிறாள். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் கப்பிதலீனா. எல்லாருக்கும் கப்பா. பால் பண்ணைச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த என்னை நடிகையாக்கியவர் சவேலி இலியிச். பத்தொன்பது வயதில், போர்முனையில், லாரியின் மேல் நின்று படைவீரர்களுக்கு நடித்துக் காட்டித் தொழிலை ஆரம்பித்த மனிதர். மேடையில் அரசனும் அவர்தான், குடிகாரனும் அவர்தான். நாற்பது வருடம் ஊரையே அழவைத்தார். தினமும் மாலை நாலு மணிக்கு எங்களுக்கு வகுப்பு. வசனம் போலியாக ஒலித்தால் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு. டக்... டக்... "பொய் சொல்றே மகளே. வெளியே போ. மறுபடி உள்ளே வா." ஒரே கதவில் நாற்பது தடவை நுழைய வைப்பார். அவரிடம் படித்த பெண்கள் எல்லாரும் அவருக்கு மகள்தான்.

அந்த டிசம்பரில் புது நாடகம். கதாநாயகி வேஷத்துக்கு நானும் ஃபைனாவும் இரண்டு பேருமே ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் மேடை ஏறப்போவது யார் என்று இயக்குநர் சனிக்கிழமை சொல்வார். எனக்கு வயது முப்பத்தைந்து. எட்டு வருடமாகப் புத்தாண்டுக் குழந்தைகள் நாடகத்தில் முயல் வேஷம். இதையும் விட்டால் சாகும்வரை முயல்தான்.

சவேலி இலியிச் நெஞ்சு வலியென்று இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கப் போகணும், போகணும் என்றே எனக்கு நாள் ஓடிவிட்டது.

செவ்வாய். மணி 4.05. பனிக்காலம், வெளியே அதற்குள் இருட்டு. நாலாம் எண் ஒத்திகை அறையைத் தாண்டி நடந்தேன். உள்ளே... டக்... டக்...

திடுக்கிட்டதில் கையிலிருந்த வசனத்தாள் விழுந்தது. எங்கள் தொழிலில் தாள் விழுந்தால், விழுந்த இடத்திலேயே அதன்மேல் உட்கார்ந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேஷம் கைவிட்டுப் போகும். சேற்றில் விழுந்தாலும் உட்காருவோம். கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். அதனால்தான் முழுதாகக் கேட்டேன்.

ஒரு பெண் குரல். என் வேஷத்தின் வசனம். கீச்சுக் குரல், ஒவ்வொரு வரியின் முடிவையும் விழுங்கியது. பிறகு அவர் குரல். "பொய் சொல்றே மகளே..."

ஓஹோ! ஆஸ்பத்திரி எல்லாம் வெறும் நடிப்பா? ஃபைனாவுக்குத் திருட்டுப் பயிற்சியா? குரலை மாற்றிப் பேசுகிறாளாக்கும், கள்ளி!

கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. ஆள் தெரியாமலிருக்க விளக்கை அணைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே வாசல் காவலில் இருக்கும் க்ளாஷா அத்தையிடம் போனேன்.

"அத்தை, நாலாம் நம்பர் சாவி யாருகிட்ட?"

"ஆணியில தொங்குது பாரு. கண்ணு எங்க போச்சு, கேரட் தேடியா?"

சாவி தொங்கத்தான் செய்தது. அப்படியானால் அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது! சந்தேகம் பிடித்தவளுக்கு விளக்கத்துக்கா பஞ்சம்?

புதன். 4.00. அதே குரல்கள். "வெளியே போ" என்பார். காலடிகள் கதவுவரை வரும். கைப்பிடி கீழே இறங்கும்... கதவு திறக்காது. கைப்பிடி மேலே போகும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்து விளையாடுகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

வியாழன் காலையில் ஃபைனா வந்தாள்.

"கப்பா, ஆஸ்பத்திரிக்கு வர்றியா? அவர் உன்னைத்தான் கேட்டாராம்."

"நீயே போ. உனக்குத்தான் வழி நல்லாத் தெரியுமே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பார்வையிலும் சந்தேகம் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி. 4.40. கதவருகே நின்றேன். அன்றைக்கு அந்தப் பெண் பிரமாதமாகப் பேசினாள். என் கண்ணே கலங்கிவிட்டது. போச்சு... வேஷம் போச்சு...

உள்ளே பென்சில் தட்டவில்லை.

"வந்துச்சு..." அவர் குரல். இவ்வளவு அன்பாக நான் கேட்டதே இல்லை. "உள்ளே வா மகளே."

கைப்பிடி இறங்கியது.

என்னால் தாங்க முடியவில்லை. கதவில் ஓங்கிக் குத்தினேன்.

"இவளுக்கே சொல்லிக் கொடுங்க! நான் இனிமே உங்க மாணவி இல்ல!"

சத்தம் நின்றது.

கைப்பிடி... மெதுவாக... மேலே போனது.

பின்னால் மூச்சிரைப்பு.

திரும்பினேன்.

ஃபைனா. மாடிப்படியில். சால்வை முழுக்கப் பனி.

"நீ... வெளியிலயா இருக்கே?" என்றாள்.

"நீ உள்ள இல்ல?"

"நான் இப்பத்தான் தெருவுல இருந்து வர்றேன். மூணு நாளா கீழ்ப்படியில நின்னு கேட்டேன். உனக்குத்தான் ரகசியமா சொல்லித் தர்றார்னு... அது உன் குரல்டி, கப்பா."

சத்தம் கேட்டு, சாவியோடு க்ளாஷா அத்தை வந்து திறந்தாள்.

கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகள். தரை முழுக்கத் தூசி.

ஒரு காலடித் தடம் இல்லை.

மணி 5.20. கீழே தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. சவேலி இலியிச் போய்விட்டார்.

சனிக்கிழமை இயக்குநர் என் பெயரைத்தான் சொன்னார். திங்கட்கிழமை மேடையிலிருந்து சவப்பெட்டியைத் தூக்கினோம். எங்கள் வழக்கப்படி அரங்கமே எழுந்து நின்று கைதட்டி அவரை வழியனுப்பியது. என் கை மட்டும் எழவில்லை. அப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

"நீங்கதான் கப்பாவா? தினமும் நாலு மணிக்கு உங்களுக்கு வகுப்பு எடுப்பாரு. எதிர்ல காலி நாற்காலி. 'கப்பா, கீச்சுன்னு கத்தாதே, வரியோட முடிவை விழுங்காதே'ன்னு பென்சிலைத் தட்டுவாரு. வெள்ளிக்கிழமை அப்படி ஒரு சந்தோஷம் மனுஷனுக்கு. உள்ளே வான்னு கையை நீட்டினாரு. அப்புறம் யாரோ கன்னத்துல அறைஞ்ச மாதிரி முகம் மாறிப்போச்சு."

"என்ன சொன்னார்?"

"'என் மாணவி இல்லையாம்'னு என்கிட்ட சொன்னாரு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாரு. அவ்வளவுதான்மா. மணி நாலு நாற்பத்தேழு."