புது கேஸ்

அப்பா இறந்து மூன்று வாரம் கழித்து அவர் வேலையைப் பற்றி முதல் புகார் வந்தது. முப்பத்தொரு வருட ஏசி மெக்கானிக். "நான் போட்ட ஜாயின்ட்டுக்கு ரெண்டாவது தடவை போனதில்ல" என்பதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லித் திரிந்தவர். புகார் கொடுக்க நல்ல நேரமாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

போன் செய்தவர் தையல்கடைக்காரர். "உங்கப்பா மாட்டின ஏசில இப்ப வெறும் காத்துதாம்மா வருது. அவசரத்துல பண்ணியிருப்பாரு போல."

அப்பா கடைசியாக மாட்டிய ஏசி அது. அவர்மேல் தப்பில்லை என்று காட்டிவிட்டு வரலாம் எனக் கிளம்பினேன். ஆலையொன்றுக்கு சென்சார் தேர்ந்தெடுப்பது என் உத்தியோகம். அப்பாவிடம் இருந்த லீக் டிடெக்டரும் நான் தேர்ந்தெடுத்ததுதான்.

போன வருடம் அவர் கேட்டது ஒரே வரி. "புது கேஸுக்கு லீக் பாக்குற மிஷின் ஒண்ணு வாங்கித் தாம்மா." பதினொரு மாடலைப் பட்டியல் போட்டு ஒப்பிட்டேன். ஏசியைக் குளிரவைக்கும் கேஸ்களுக்கு எண்தான் பெயர். பழைய இருபத்திரண்டு கேஸில் குளோரின் உண்டு, அதை மோப்பம் பிடித்தால் போதும். பிறகு வந்த நானூற்றுப்பத்தில் குளோரின் இல்லை, ஃப்ளூரின் பிடிக்கிற மூக்கு வேண்டும். சூடான முனை வைத்த ஒன்றை வாங்கினேன். அப்பா பெட்டியைத் திறந்து பார்த்து, "ஜோரா இருக்கு" என்றார். நான் எதைக் கொண்டுவந்தாலும் அதைத்தான் சொல்வார். சட்டை, மூக்குக்கண்ணாடி, மாப்பிள்ளை.

அம்மாவின் தம்பி ஏணியோடு கூட வந்தார். இருபது வருடம் அப்பாவுக்கு ஏணி பிடித்த மாமா. கடையில் நான் டிடெக்டரை ஆன் செய்யப்போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வைம்மா உள்ள. கடையக் கொளுத்திடாத, இன்ஜினியரம்மா."

ஏசியின் பக்கவாட்டுத் தகட்டைக் காட்டினார். இருநூற்றுத்தொண்ணூறு. அதாவது புரொப்பேன், அடுப்பு கேஸுக்கு நெருங்கிய சொந்தம். அதில் குளோரினும் இல்லை, ஃப்ளூரினும் இல்லை. என் மிஷினுக்கு அது வெறும் காற்று. கண்டுபிடிக்காது என்பது மட்டுமல்ல, சூடான முனையால் பற்றவைத்தாலும் வைக்கும்.

"அப்ப அப்பா கேட்ட புது கேஸ்?"

"இதான். நீ புதுசுன்னு நெனச்சது எங்களுக்குப் பழைய கேஸ்."

"சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்றேன்னேன். 'புள்ள பட்டியலெல்லாம் போட்டு வாங்கியிருக்கு, வாய மூடுடா'ன்னாரு."

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

"அது என்னம்மா பண்ணுச்சு?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் ஒண்ணும் பண்ணல."

மாமா பையிலிருந்து ஒரு ஷாம்பு பாட்டிலை எடுத்தார். அப்பாவின் சோப்புத்தண்ணி. பிரஷ்ஷால் ஜாயின்ட்டுகளில் தடவினார். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு குமிழி மெதுவாக ஊதி உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அப்பா இறுக்கிய நட்டு.

மாமா ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். கால் சுற்று சுற்றியது. "மாட்டின அன்னிக்கு நுரை வரலியே" என்று முணுமுணுத்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார். "ரெண்டு மாசமா அவருக்கு வலது கைல பிடி நிக்கல. நான் இறுக்கறேன்னா விட மாட்டாரு."

"டாக்டர்கிட்ட போகலியா?"

"போனா உனக்குத் தெரிஞ்சிடுமாம்."

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துத்தான் இறந்தார். ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசினோம். அந்த இரண்டு மாதமும் போனை இடது கையில் பிடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதினொரு மாடலை ஒப்பிட்டவள்.

"கம்பெனி நட்டு சரியில்லீங்க" என்று கடைக்காரரிடம் ஆரம்பித்தார் மாமா.

"இல்லங்க. எங்கப்பா இறுக்கினது. கால் சுத்து கம்மி," என்றேன். "நாளைக்கு வந்து கேஸ் நிரப்பித் தரோம்."

மாமா முறைத்தார். கடைக்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "பரவால்லம்மா, நான் தைக்கிற பட்டனும் விட்டுப்போகுது" என்றார்.

வெளியே வந்து கேட்டேன். "அந்த ரெண்டு மாசத்துல வேற எங்க எல்லாம் மாட்டினாரு?"

மாமா விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு இடம்."

"ஏணிய எடுங்க மாமா. பாட்டில்ல சோப்புத்தண்ணி போதுமா பாருங்க."