விசா உள்ளவளின் வயிற்றெரிச்சல்

கலிபோர்னியாவில், சன்னிவேலில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்வீட்டு அக்காவை நான் யாருடனும் பங்கு போட்டுக்கொள்ளத் தயாராக இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து, சிட்டிசனாகி, ஒரு கிளினிக்கில் நர்சாக இருந்தார். அங்கே வருகிற நோயாளிகளோடு பேசிப் பேசியே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டவர். தொண்ணூறுகளின் பின்பாதி அது. காலையில் கணவர் கம்பெனிக்குப் போய்விட்டால், அக்காவை விட்டால் எனக்குப் பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மலையைத் தாண்டி வாட்சன்வில் பக்கம் போகத் தொடங்கினார். ஸ்ட்ராபெரி பறிக்கும் மெக்சிகோ பெண்கள் தொழிற்சங்கம் சேர முயன்றுகொண்டிருந்த நேரம். நிறையப் பேருக்கு விசா, பேப்பர் எதுவும் கிடையாது. அக்கா அவர்கள் கூட்டத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போவார். என் புளியோதரையைப் புகழ்ந்த வாய், இப்போது வாரம் முழுக்க அவர்கள் சுட்டுக் கொடுத்த சோள ரொட்டியைப் புகழ்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உமக்கும் வீட்டில அலுப்பாத்தானே இருக்கு. நீரும் வாருமன்," என்றார் ஒருநாள்.

என் கணவர் குறுக்கே விழுந்தார். அந்தப் பெண்களுக்காக ஊரே திரண்டு போன ஊர்வலத்தின் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருந்தார். படம் முழுக்கச் சிவப்புக் கொடி. மில் வாசல்களில் செங்கொடி பார்த்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரருக்கு அது போதாதா?

"கம்யூனிஸ்ட் கட்சில இருந்தியான்னு கிரீன் கார்டு ஃபார்ம்லயே கேக்கறான். நீ போயி அந்தக் கொடிக்குக் கீழ நின்னு போட்டோல விழுந்தீன்னா, ரெண்டு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

அது கட்சிக் கொடி இல்லை, சங்கக் கொடி என்று அக்கா விளக்கினார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க அக்கா," என்றார் இவர். கொடிப் பக்கமே போகமாட்டேன் என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

மலை இறங்கியதும் இரண்டு பக்கமும் ஸ்ட்ராபெரிப் பாத்திகள். நான் வேளாண்மை படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஈரோட்டுப் பக்கம் வேலையில் இருந்தேன், வெயிலில் வயல் வயலாக அலைந்தேன். கணவரோடு ஒட்டிக்கொண்டு வந்த விசாவில் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கார் ஜன்னல் வழியாகப் பாத்திகளைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது.

கூட்டம் ஒரு பூங்காவில். சத்தியத்தைக் காப்பாற்ற நான் அக்காவின் காருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பச்சைச் சட்டை போட்ட ஒருத்தி மைக் முன்னால் போனாள். என் வயதுதான் இருக்கும். அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"தன்னட்டப் பேப்பர் இல்லையாம். வயலில நல்ல தண்ணி வேணுமாம், ஒழுங்கான கூலி வேணுமாம். கேட்டா வேலையால நிப்பாட்டிப் போடுவினமாம். எண்டாலும் கேக்கிறாவாம்."

பாதிரியார்கள், காலேஜ் பிள்ளைகள், தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுக்கு நடப்பது அநியாயம் என்று என் புத்திக்குத் தெரிந்தது. வயிறு கேட்கவில்லை. பேப்பர் இல்லாதவளுக்கு வேலை இருக்கிறது, வாய் இருக்கிறது, கைதட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பளபளவென்று விசா ஒட்டி வைத்திருக்கும் நான் காருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன். போதாததற்கு என் அக்கா அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

பேசி முடித்து அவள் எங்களிடம் சாப்பிட வந்தாள். என் புளியோதரையை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அதற்கும் சந்தோஷப்பட மனசு வரவில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அக்காவிடம் கேட்டாள். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை என்று சொல்லச் சொன்னேன். அவள் நம்பவில்லை. பேப்பர் இருந்துமா என்று மறுபடி கேட்டாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். அக்கா கொஞ்சம் தயங்கினார்.

"உமக்காக ஒருத்தரும் ஊர்வலம் போகேல்லையோ எண்டு கேக்கிறா."

இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்தக் கேள்விகூட அவளுக்குத்தான் வாய்த்திருந்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அந்த வாரமே அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா லீவு போட்டார். "தோட்ட வாசல்ல போய் நிக்கப் போறம். நீர் வராட்டியும் பறவாயில்லை, உம்மட வீட்டுக்காரர் பாவம்." கணவரிடம் சொல்லாமல் காரில் ஏறினேன். ஏறும்போதுகூட, அவளுக்கு ஒன்றென்றால் இத்தனை கார்கள் கிளம்புகின்றனவே என்றுதான் இருந்தது.

கம்பி வாசலுக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் அவள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். போய் நின்றேன். எல்லாரும் ஸ்பானிஷில் முழங்கினார்கள். எனக்கு அந்தப் பாஷை வராது. தமிழில் கத்தினேன்.

"வேலை குடு! வேலை குடு!"

தொண்டை கிழிகிற மட்டும் கத்தினேன். யாருக்கு என்று சொல்லவில்லை.