கையை மட்டும் எடு

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. கடைக்கு வரும் காயை மலையில் பறிக்கிற பெண்களின் கதைகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கலாமென்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். முதல் நாளே முட்டுக்கட்டை. போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையும் தலையில் துண்டுமாகக் குந்தியிருந்தவர்களில் ஒருத்தியும் முகம் காட்டச் சம்மதிக்கவில்லை.

அதிகம் சண்டை பிடித்தவள் ராசிங்காபுரத்து அக்கா. பக்கத்தில் அவள் மகள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்தக் கோலத்துல மாப்ளை வீட்டுக்காரங்க பாத்தா என்னத்துக்கு ஆகும்? கையை மட்டும் எடு ஆத்தா.”

உழைக்கிற கோலத்தில் என்ன கேவலம் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனாலும் கைகளை மட்டும் எடுத்தேன். கறை பிடித்த விரல்கள் காய் தேடிச் செடியின் தூரைத் துழாவும். கதை குரலில் வரும். ஊரே அந்தப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. “இது எங்க அத்தை கை”, “நகத்தைப் பாத்தாத் தெரியல? எங்க சின்னம்மா” என்று திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதினார்கள். அக்கா மகளின் கைக்குத்தான் கூட்டம் அதிகம். யானைக்குப் பயந்து தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடிய கதையை, முடிக்க முடியாமல் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தாள்.

ஐப்பசி மழையில் அவள் ஏறிப்போன ஜீப்பு கவிழ்ந்தது. பிள்ளை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அக்கா கடைக்கு வந்தாள்.

“வீட்டுல இருக்குறது மாப்ளை வீட்டுக்குக் குடுக்க எடுத்த போட்டோதான் ஆத்தா. பவுடரை அப்பிக்கிட்டு வெறச்சு நிக்கிறா. நீ எடுத்ததுல அவ சிரிச்ச மொகம் எங்கிட்டாச்சும் விழுந்திருக்கும். கொண்டா, பாக்குறேன்.”

பக்கத்தில் போடாத வீடியோக்களையும் சேர்த்து நான் முன்பே தேடிப் பார்த்திருந்தேன். ஒன்றிலும் முகம் இல்லை. அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறேன். யானைக் கதையைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டதும் அக்கா குனிந்து முகத்தைத் தேடினாள். வீடியோ முடிந்து திரும்ப ஓடியது.

“நாந்தான சொன்னேன்” என்றாள் மெதுவாக.

திரையில் தெரிந்த கையின் மேல் தன் விரலை அழுத்தி வைத்தாள். படம் அப்படியே நின்றது. விரலை எடுத்தாள், கை நகர்ந்து இலைக்குள் போனது. மறுபடி வைத்தாள்.

“வெரலை வெச்சாச் சிரிக்க மாட்டேங்குறா ஆத்தா. எடுத்தாப் போயிர்றா.”