மூன்றாவது நிமிடத்தில் அணைந்த கம்ப்யூட்டர்

விளையாட்டுக்குள் நான் ஒரு பாலத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டர் முதன்முறையாக அணைந்தது. திரை கறுத்தது. சில நொடிகளில் தானாகவே மறுபடி கிளம்பியது. நான் திரும்ப உள்ளே நுழைவதற்குள் எங்கள் நால்வர் அணியில் மற்ற மூவரும் தோற்று முடித்திருந்தார்கள்.

அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு ஆம்பூருக்குப் போனபிறகு, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டில் நான் மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போவேன். அங்கே ஒரு கம்பெனியில் சாப்ட்வேரைச் சோதித்துத் தவறு கண்டுபிடிக்கிற வேலை. மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அப்படி வீட்டில் இருக்கும் நாட்களில், ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் ஆன்லைனில் விளையாடுவேன். அணியில் இருந்த மற்றவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டினால் மூவரும் என் அறைக்குள் வந்துவிடுவார்கள்.

அதன்பிறகு ஆடிய ஒவ்வொரு நாளும் அதே கதை. ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் பட்டென்று அணையும். "செத்துட்டேன்! மறுபடியும் செத்துட்டேன்!" என்று கத்துவேன். ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தால் நாங்கள் சொல்கிற வார்த்தை அதுதான்.

அணியில் ஒருவன் கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரிந்தவன். அவன் சொன்னதை எல்லாம் செய்தேன். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன். விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். கேபினட்டைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைசியில், ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் பவர் சப்ளை பெட்டியை இரவல் வாங்கி வந்து மாற்றியும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கம்ப்யூட்டரின் பதிவேடு ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் காட்டியது: எதிர்பாராமல் மின்சாரம் நின்றது. ஆனால் அறையில் பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் ஆடினேன், ஒரு முறைகூட அணையவில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

"இன்னிக்கு ஹெட்செட்டைக் கழட்டி வச்சிரு. கேம ஓட விட்டுட்டு கேபினட்கிட்ட காத வச்சுக் கேளு. அணையறப்ப டிக்குனு சத்தம் வருதான்னு சொல்லு" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

அப்படியே செய்தேன். தரையில் மண்டியிட்டு, இரும்புப் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விசிறி சுற்றும் இரைச்சல் ஏறியது. திரை கறுத்தது. டிக் என்று ஒரு சத்தம்.

அதற்கு அடுத்து இன்னொரு சத்தம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. நீளமாக, நிற்காமல் அலறும் பீப். அதோடு பக்கத்து வீட்டு அத்தையின் குரல்: "ஐயோ, நின்னுபூச்சே! மெதுவா... மூச்ச மெதுவா இழுங்க!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பக்கத்து வீட்டு மாமா மைனில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி தங்கியவர், இருமல் எப்போதும் உண்டு. கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற மிஷின் காலடியில் அலறிக்கொண்டிருந்தது. அத்தை அதன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அது உறுமிக்கொண்டு கிளம்பியது. மாமாவின் தோள் மெல்லத் தாழ்ந்தது.

"இது எப்போ வந்துச்சு அத்தை?"

"ரெண்டு வாரமாச்சு கண்ணு. டாக்டரு சாயங்காலமா வைக்கச் சொன்னாரு. மிஷினு கொடுத்தவன்கிட்ட சொன்னா, நல்லாதான் கீதுங்கறான். அடிக்கடி நடுவுல நின்னுபூடுது." பிறகு, சாதாரணமாக, நேரத்தை ஞாபகப்படுத்துகிறவர்போல் சொன்னார்: "நீகூட செத்துட்டேன் செத்துட்டேன்னு கத்துவியே, அந்த நேரந்தான்."

இரண்டு வாரம். என் கம்ப்யூட்டர் அணையத் தொடங்கியும் இரண்டு வாரம். அரை அடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்த அதே நொடியில், நான் ஆட்டம் போச்சே என்று மேஜையைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். காதை மூடிக்கொண்டு இருந்ததால் ஒரு முறைகூட எனக்குக் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் போயே எத்தனை மாதம் ஆகியிருந்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் வீடு கரண்டை இழுப்பதால்தான் என்று தோன்ற, திரும்பி வந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜ், மோட்டார், எல்லாவற்றையும் பிடுங்கினேன். பிறகு ஆட்டோ பிடித்து மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் மாமாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். ஆபத்தில்லை, ஆனால் மிஷின் இப்படி நிற்கவே கூடாது என்றார். ஆட்டோவில் திரும்பும்போது நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆள எறக்கற கேஜ் நடு ஷாஃப்ட்ல நின்னா, மேல அத இழுக்கறவன்... வேணும்னா நிறுத்தறான்? உடு" என்றார்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் கூரை ஓரத்தில் ஏணி போட்டு ஏறினார். கம்பத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒயர்தான் வருகிறது, அங்கேதான் பிரிகிறது. அந்த இணைப்பை வெட்டிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கரிந்த கொட்டாங்குச்சித் துண்டுபோல் இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

"ரெண்டு வூட்லயும் ஒரே நேரத்துல லோடு ஏறுனா இது சூடாயி உட்டுஉட்டுப் புடிச்சிக்கீது. அர செகண்டுகூட இல்ல. பல்பு தாங்கும், மிஷினு தாங்காது. நல்லவேளை, கூரை பத்திக்கல."

ஹெட்செட்டில் அன்று மூவரிடமும் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரன், "நா உன்ன டிரைவர் மாத்தச் சொல்லிட்டிருந்தேனே" என்று முணுமுணுத்தான்.

புது ஒயர் தனித்தனியாக இழுத்தாயிற்று. ஆக்ஸிஜன் மிஷினுக்கு ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் கொண்டுவந்து மாட்டினேன். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. மெயின் சுவிட்சை அவரே அணைத்துப் பார்த்தார். வீடு இருண்டது, மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. போட்டார், மறுபடி அணைத்தார். மூன்றாவது முறை கை சுவிட்சுக்குப் போனபோது மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "போதும்மே. ஃபேன போடு, வேர்க்குது."