தோங்கா ஊற்றிய தண்ணீர்

விதின் ஊர் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தே கை காய்த்தவள் நெதெல்கா. தான்யூப் ஆறு கரையேறி வந்த வருஷம்கூட அவள் பயப்படவில்லை. பயந்ததெல்லாம் ஆங்கிலப் பரீட்சைக்குத்தான். தேறினால்தான் விசா கிடைத்து, லண்டனில் இருக்கும் புருஷன் லூபெனிடம் போய்ச் சேர முடியும். இது கேள்வி வாக்கியமா கட்டளை வாக்கியமா, கோடிட்ட இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்டாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பரீட்சைக்குப் போகிறவர் பின்னால் வாசலில் தண்ணீர் ஊற்றினால் காரியம் தடையில்லாமல் ஓடும் என்பது எங்கள் வழக்கம். போன தடவை மாமியார் தோங்கா ஊற்றவில்லை. நெதெல்கா தேறவும் இல்லை. மகன் லண்டன் போனபின் அந்தக் கிழவிக்கு வீட்டில் இருந்தது இவள் ஒருத்திதான்.

இந்தத் தடவை நெதெல்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"போயிட்டு வரேன் அத்தை."

"ரொட்டி சுடுறவளுக்கு எதுக்குடி இங்கிலீஷு?" தோங்கா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நெதெல்கா வாசல்படி இறங்கித் தெருவில் கால் வைத்தாள். பின்னால் சளாரென்று தண்ணீர் விழுந்தது.

"திரும்பாதடி. திரும்பினா பலிக்காது," என்றாள் தோங்கா.

நெதெல்கா திரும்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புதுப் பயம் பிடித்தது: தேறிவிட்டால், பனிக்காலத்தில் அத்தைக்கு விறகு யார் எடுத்துவந்து போடுவார்கள்?